இரண்டாம் ரிப்போர்ட் வருவதற்கு முன்

கோவில்பட்டி
2007 ஏப்ரல் 5

கதிரேசா,

நலம் விசாரிப்பதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன். முதலில் என் குறைகளைத் தேதிவாரியாக எழுதிவிடுகிறேன். பேச்சில் சொன்னால் நான் குரலை உயர்த்துவேன், நீ போனை வைத்துவிடுவாய். எழுத்துக்கு அந்த வசதி கிடையாது.

1. 2006 டிசம்பர் 11. கரு ஏன் தங்கவில்லை என்று பார்க்க எடுத்த மகேஸ்வரியின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மதுரை ஆஸ்பத்திரியில் வாங்கினாய். உன் மனைவி மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றிருந்தபோது, வாசலுக்கு வந்து உன் அம்மாவைப் போனில் கூப்பிட்டு, "அவ உடம்பே பிள்ளையக் கொல்லுதாம்மா" என்றாய். ரிப்போர்ட்டை நான் படித்துவிட்டேன். அப்படி ஒரு வரி அதில் இல்லை.

2. அதே நாள். பன்னிரண்டு வாரம் கழித்து அதே பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதி உன் கையில் கொடுத்த சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாய். மகேஸ்வரிக்கு அதைச் சொல்லவில்லை.

3. 2007 ஜனவரி 18. பொங்கல் முடிந்ததும் அவளை விளாத்திகுளத்துக்கு அருகில் அவள் அப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டாய். "மிளகாய் பறிப்பு முடியட்டும், கூட்டிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு அன்று மாலையே வேலை பார்க்கும் சென்னைக்கு ரயில் ஏறினாய். பறிப்பு முடிந்துவிட்டது. பழம் காய்ந்து மூட்டையும் ஏறிவிட்டது.

4. 2007 பிப்ரவரி 4. கயத்தாறில் உன் அத்தை மகளின் வளைகாப்பு, சென்னையிலிருந்து நீயும் வந்திருந்தாய். வளையல் தட்டுக்கு அருகில் நின்ற மகேஸ்வரியை உன் அம்மா அடுப்படிக்கு அனுப்பியதை நீ பார்த்தாய். பார்த்துவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தாய்.

5. 2007 மார்ச் 7. இரண்டாம் பரிசோதனைக்கு இன்னும் வரவில்லையே என்று ஆஸ்பத்திரியிலிருந்து நம் வீட்டுக்குப் போன் வந்தது. அப்படி ஒன்று உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். உன்னைக் கேட்டேன். "பாக்கலாம்ப்பா, இப்ப ஆபீஸ்ல ஆடிட் நடக்கு" என்றாய்.

6. 2007 மார்ச் 18. உன் மாமா நம் வீட்டுக்கு வந்து, "அவிய வீட்டுல பேசி, நல்லபடியா முடிச்சுக்கிடலாம்னு தம்பி சொல்லுதான்" என்றார். ஐந்து வருடத் திருமணத்தை முடித்துக்கொள்வதற்கு நீ ஆள் அனுப்பினாய். நேரில் வரவில்லை.

7. 1980 ஐப்பசி. இது உன் மீதுள்ள குறை அன்று. என் மீதுள்ளது. வரிசையில் இதுதான் முதலாவதாக இருந்திருக்க வேண்டும். எழுதக் கை வராததால் கடைசிக்கு வந்தது.

ஏழாவதை விளக்காமல் மற்ற ஆறைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். நீ 1976இல் பிறந்தாய். உனக்குப் பின் ஒரு தம்பி பிறந்து, உடலெல்லாம் மஞ்சள் பூத்து, இரண்டாம் நாள் இறந்தான். அதன் பின் ஒரு தங்கை. அவள் உயிரில்லாமலே பிறந்தாள். இவை உனக்கு அரைகுறையாகத் தெரியும். தெரியாதது இது: தங்கையை அடக்கம் செய்த மறுநாள் பாளையங்கோட்டையில் டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, என் ரத்தம் பாசிட்டிவ், உன் அம்மாவின் ரத்தம் நெகட்டிவ் என்றார். முதல் பிள்ளைக்குத் தகப்பனின் ரத்தவகை அமைந்தால், பிரசவத்தில் அந்த ரத்தம் சிறிது தாயின் உடலில் கலக்கும். அதை அந்நியம் என்று எண்ணி அவள் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கி வைத்துக்கொள்ளும். அடுத்து வரும் பிள்ளைகளை அது தாக்கும். முதல் பிரசவம் ஆனவுடன் போட வேண்டிய ஊசி ஒன்று உண்டு, நமக்கு யாரும் சொல்லவில்லை. இதையெல்லாம் அவர் ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியும் கொடுத்தார். இதைப் படிக்கும்போது, முதல் பிள்ளை நான்தானே என்று உன் மனம் ஓடும். ஓட விடாதே. ரத்தவகையைத் தேர்ந்தெடுத்து யாரும் பிறப்பதில்லை.

நான் வேதியியலில் முதுகலை படித்தவன். அவர் சொன்னது எனக்கு ஒரே தடவையில் புரிந்தது. அந்தச் சீட்டை நான்காக மடித்து, என் கல்லூரிப் புத்தகம் ஒன்றுக்குள் வைத்தேன். வீட்டுக்கு வந்து, "இனிமே பிள்ளை வேண்டாம், உன் உடம்பு தாங்காது" என்று மட்டும் உன் அம்மாவிடம் சொன்னேன். உடம்பு தாங்காது என்று அவளுடைய உடம்பின் மேல் பழியைப் போட்டேன். ஊரார் அதை, 'பிள்ளை தங்காத வயிறு' என்று மாற்றிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. பயத்தினால் மறைத்தேன் என்று இத்தனை ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லிவந்தேன். இப்போது யோசித்தால் அது பயமில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். என் ரத்தத்தைப் பற்றி எந்தத் தெருவிலும் யாரும் பேசவில்லை.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். பிள்ளை தங்காதவள், ஒன்று பிழைத்திருந்தால்கூட, வளைகாப்பில் வளையல் போடக் கூடாது. ஆனால் அவள் சமையலுக்கு வரலாம், ஏழு வகைச் சோறும் கிண்டலாம். அவள் கை ஆகாதாம், அவள் கைச் சோறு ஆகுமாம். உன் அம்மா இருபத்தாறு வருடம் அடுப்படியில் நின்றாள். அவள் புளிச்சோற்றுக்கு நம் சொந்தத்தில் பெயர் உண்டு என்று நான்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 18 அன்று உன் மாமா சேதி சொல்லிவிட்டுப் போன பிறகு, உன் அம்மா சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "அவனாவது நல்லாருக்கட்டும், முடிச்சுவிட்ருங்க" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்ட பின் என்னால் உட்கார முடியவில்லை. மாடிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து, சீட்டைப் பிரித்து அவள் முன் வைத்தேன். "என்னது இது?" என்றாள். சொன்னேன். "வாசிங்க" என்றாள். வாசித்துத் தமிழில் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"அப்ப என் வயிறு மோசமில்ல?"

"இல்லை."

"ஒங்க ரத்தமும் மோசமில்ல?"

"இல்லை."

"பெறவு எதுக்கு மறைச்சிய?"

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "எத்தன வளைகாப்பு. நான் அடுப்படியில வேர்த்து ஊத்த நிப்பேன். நீங்க பந்தியில உக்காந்துக்கிட்டு, 'இன்னுங் கொஞ்சம் புளிச்சோறு கொண்டா'ம்பிய. தெரிஞ்சுக்கிட்டேதான கேட்டிய?" என்றாள். பிறகு, "எனக்குத் தெரிஞ்சிருந்தா அந்தப் புள்ளய நான் அடுப்படிக்கு அனுப்பியிருப்பனா? என்னய அனுப்புனாவ, நான் அவள அனுப்புனேன். வேற என்னத்தக் கண்டேன் நான்?" என்றாள்.

மறுநாள் காலையில் ஒரு பையோடு விளாத்திகுளம் பஸ் ஏறிவிட்டாள். போகும்போது என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "ரசப்பொடி டப்பா மேல்தட்டுல இருக்கு." அன்றிலிருந்து சம்பந்தி வீட்டில், மகேஸ்வரியோடுதான் இருக்கிறாள். நான் பதினேழு நாளாக என் ரசத்தை நானே குடித்து வருகிறேன். அது நன்றாக இல்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

இனி மகேஸ்வரி. சென்ற செவ்வாய்க்கிழமை நான் அவளை மதுரைக்கு அழைத்துச் சென்றேன். மாமனார் மருமகளை அந்த மாதிரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது நம் ஊரில் இல்லாத வழக்கம். எனக்கும் கூச்சமாக இருந்தது, அவளுக்கும் இருந்தது. பஸ்ஸில் முன் இருக்கையில் அவளும் பின்னால் நானுமாக உட்கார்ந்தோம். சாத்தூர் தாண்டியதும் அவள் திரும்பாமலே கேட்டாள்: "மாமா, நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவிய. நெசத்தச் சொல்லுங்க. நாந்தான் கொன்னுட்டனா?" உன்னுடைய அந்த வாக்கியம் வளைகாப்பு வீட்டு அடுப்படியில் அவள் காதுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. டிசம்பரில் நீ வாசலில் நின்று சொன்னது, பிப்ரவரியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்திருக்கிறது. "டாக்டரிடமே கேட்போம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

ரத்தம் எடுக்கும் இடத்தில் நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்து, "சார் யாரு?" என்றார். மாமனார் என்றேன். "ஹஸ்பெண்ட் வரலியா?" நான் வாயைத் திறக்கும் முன் மகேஸ்வரி முந்திக்கொண்டாள். "அவியளுக்கு லீவு கிடைக்கல சிஸ்டர். வரணும்னுதான் துடிச்சாவ." கதிரேசா, இந்த இடத்தை நீ இரண்டு முறை படிக்க வேண்டும். எழுபத்தைந்து நாளாக நீ விட்டுவிட்டுப் போன பெண், முகம் தெரியாத ஒரு நர்ஸிடம் உன் மானத்தைக் காப்பாற்றினாள். அந்தப் பொய்யைச் சொன்னபோது அவள் குரல் சிறிதும் பிசகவில்லை.

டாக்டரிடம் அவள் அதே கேள்வியைக் கேட்டாள். அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "யாரும்மா உனக்கு இப்படிச் சொன்னது? காவலுக்கு நிக்கிறவன் சில சமயம் வீட்டு ஆளையே வெளியாள்னு நெனச்சுத் தடியத் தூக்கிருவான். அது காவல்காரனோட குழப்பம். நீ பண்ணின கொலை இல்ல. அந்தக் குழப்பம் உனக்கு இருக்குன்னுகூட நான் இன்னும் சொல்லல. அன்னைக்கு நீ காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சு வந்திருந்த. காய்ச்சல் வந்தாக்கூட இது கொஞ்ச நாள் தலையக் காட்டிட்டுப் போயிரும். அதுக்குத்தான் பன்னெண்டு வாரம் கழிச்சு மறுபடி பாக்கிறது."

"மறுபடியும் இருந்தால்?" என்று நான் கேட்டேன்.

"இருந்தா மாத்திரை இருக்கு சார், ஊசி இருக்கு. கரு உண்டானதும் கவனமா கொடுப்போம். இப்படி ரெண்டு மூணு கலைஞ்சவங்க பிள்ளையத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிருக்காங்க. எல்லாரும் போவாங்கன்னு எழுதிக் குடுக்க மாட்டேன்."

"போன வருடம் கருவே ஒட்டாமல் போனதே, அதற்கும் இதுதான் காரணமா?"

"அது தெரியல சார். அதுல டாக்டர்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல."

தெரியவில்லை என்று அவர் சொன்னதும் எனக்கு அவர் மேல் பெரும் மரியாதை வந்தது. நம் வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. உனக்குத் தெரிந்திருந்தது, உன் மாமாவுக்குத் தெரிந்திருந்தது, கயத்தாறில் வெங்காயம் உரித்தவளுக்கும் தெரிந்திருந்தது. இருபது வருடமாக இதையே பார்க்கும் ஒரு டாக்டருக்குத்தான் தெரியவில்லை. உன் அம்மாவுக்கு நேர்ந்ததும் இதுவும் ஒன்றல்ல என்பதையும் நீ தெரிந்துகொள். அங்கே உடல் எதிர்த்தது என் ரத்தத்தை. இங்கே, உண்மையாகவே இருக்குமானால், உடல் தன்னையே எதிர்க்கிறது. நோய் வேறு. சீட்டை மடித்து வைத்த கை மட்டும்தான் ஒன்று.

நீ வீட்டை ஒட்டியே தீக்குச்சி செய்யும் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவன் மகன். ஐப்பசி அடைமழையில் ஒரு பண்டலைப் பிரித்து ஒரு குச்சியை உரசி, அது பிடிக்காமல் போனால் என்ன செய்வோம்? சரக்கையே தள்ளிவிடுவோமா? வெயில் வரும்வரை காய வைத்து, மறுபடி உரசிப் பார்ப்போம். விடுமுறை நாட்களில் எத்தனையோ முறை அந்த வேலையை நீயே செய்திருக்கிறாய். "ஈரத்துல உரசினது கணக்குல சேராதுப்பா" என்று எனக்கே சொல்வாய். குச்சிக்குக் கொடுத்த இரண்டாவது வாய்ப்பை உன் மனைவிக்குக் கொடுக்க உனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவு கடுமையாக எழுதிவிட்டேன். இனி எழுதுவது எனக்கு இதைவிடக் கடினமானது. நீ கல் நெஞ்சன் இல்லை என்பது எனக்குத் தெரியும். 2003இல் தானாக உண்டான கரு எட்டாம் வாரத்தில் கலைந்தது. 2005இல் சிகிச்சை செய்து, கரு வைத்து, அது தங்கியபோது, நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாடி அறையில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாய். என்னவென்று வந்து பார்த்தேன். தீப்பெட்டி ஆபீஸ் பக்கம் இருக்கும் ஜன்னலுக்குக் கண்ணாடிக் கதவு போட்டுக்கொண்டிருந்தாய். "கந்தக வாடை பிள்ளைக்கு ஆகாதுப்பா" என்றாய். முப்பது வருடம் அந்த வாடையில் படுத்து வளர்ந்தவன் நீ. உனக்கு நான் அப்படி ஒரு கதவு போடவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்தாம் வாரத்தில் அந்தக் கருவும் போயிற்று. அன்று பிற்பகல் நீ ஆபீஸ் கிட்டங்கியில், அடுக்கி வைத்த பெட்டிகளுக்குப் பின்னால், தரையில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பிப் போனேன். வளர்ந்த ஆண்பிள்ளை அழுவதைப் பார்க்காததுபோல் இருப்பதே அவனுக்குச் செய்யும் மரியாதை என்று எண்ணினேன். அது மரியாதையா? பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். தோளில் கை போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால், துக்கத்துக்கு ஓர் ஆளைக் குற்றவாளியாக நிறுத்த வேண்டிய அவசியம் உனக்கு வந்திராது என்று இப்போது நினைக்கிறேன். போன வருடம் மூன்றாவது முறையும் ஒன்றுமில்லை என்றானபோது நீ என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. துக்கத்தைப் பேசாமல் இருப்பதற்கு என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாய். வேறு யாரைப் பார்த்துக் கற்றிருப்பாய்?

அந்தக் கண்ணாடிக் கதவு இன்னும் இருக்கிறது. வாரம் ஒருமுறை நான் துடைக்கிறேன். யாருக்காக என்று கேட்காதே. பிள்ளை பிறக்கும் என்ற உறுதியில் துடைக்கவில்லை. டாக்டரே உறுதி தரவில்லை. பிள்ளை பிறக்காமலே போகலாம். அப்போதும் அந்த அறையில் நீங்கள் இருவரும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. நீ கேட்டிருக்க வேண்டியதும் அதுதான். பிள்ளை உண்டா இல்லையா என்று கேட்டாய். அவளோடு இருப்பேனா இல்லையா என்று உன்னை நீயே கேட்டுக்கொள்ளவில்லை.

டாக்டர் கடைசியாக ஒன்று சொன்னார். பரிசோதனை மறுபடியும் அப்படியே வந்து, பிறகு கருவும் உண்டானால், வயிற்றில் தினமும் ஓர் ஊசி போட வேண்டியிருக்குமாம், மாதக்கணக்கில். "தினமும் ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாது. வீட்டுல யாராவது கத்துக்கணும். யார் கத்துக்கப் போறீங்க?" என்றார். மகேஸ்வரி தரையைப் பார்த்தாள். நான் மேசைக்கு முன் இருந்த மூன்றாவது நாற்காலியைப் பார்த்தேன். அது காலியாக இருந்தது.

ஊருக்குத் திரும்பி இதை உன் அம்மாவிடம் மகேஸ்வரி சொல்லியிருக்கிறாள். நேற்றுச் சம்பந்தி போனில் சொன்ன செய்தி இது: "அண்ணாச்சி, ஒங்க வீட்டுல பஜாருக்கு ஆளனுப்பி நாலு ஆரஞ்சுப் பழமும் ஊசியும் வாங்கியாரச் சொல்லிட்டாவ. காலைல இருந்து பழத்தக் குத்திக்கிட்டே இருக்காவ. பக்கத்து வீட்டு நர்சம்மா சொல்லிக் குடுக்கு. 'எங்கையி நடுங்கக் கூடாது, மொத ஊசி நாந்தான் போடணும்'ங்காவ." ஊசியே தேவைப்படாமலும் போகலாம். இருந்தாலும் பழகுகிறாள். வளையல் போட ஆகாது என்று இருபத்தாறு வருடம் ஒதுக்கப்பட்ட கை அது.

இரண்டாம் ரிப்போர்ட் ஏப்ரல் 17, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் கையில் இருக்கும். அதைக் கேட்க மகேஸ்வரி போவாள். உன் அம்மாவும் போவாள். நான் வாசலில் இருப்பேன், உள்ளே வர மாட்டேன். அந்த மூன்றாவது நாற்காலி என்னுடையதன்று.

உன்னிடம் இரண்டு கேள்விகள். அந்த நாற்காலியில் நீ உட்காரப் போகிறாயா? "அவ உடம்பே பிள்ளையக் கொல்லுது" என்று யார் யாரிடம் சொன்னாயோ, அவர்கள் ஒவ்வொருவரிடமும் அது தவறு என்று உன் வாயால் சொல்லப் போகிறாயா? வருவதாக இருந்தால் ரிப்போர்ட்டில் என்ன இருந்தாலும் வருவதாக இருக்க வேண்டும். நல்ல செய்தி என்றால் வருவேன் என்பவன் வர வேண்டாம். வரவில்லை என்றால், அதையும் எழுது. ஆள் மூலம் சொல்லி அனுப்பாதே. நான் உன் மாமாவை வாசலிலேயே நிறுத்திவிடுவேன்.

பதில் ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை மதியத் தபாலில் என் கைக்கு வந்திருக்க வேண்டும். உன் கையெழுத்தில் இருக்க வேண்டும். எவ்வளவு சிறிதாக வேண்டுமானாலும் இருக்கட்டும். 'பாக்கலாம்ப்பா' என்ற சொல் மட்டும் அதில் இருக்கக் கூடாது. உன் கடிதத்தை நான் மடித்து எந்தப் புத்தகத்திலும் வைக்கப்போவதில்லை. மகேஸ்வரியிடம் அப்படியே கொடுத்துவிடுவேன்.

நலமாக இருக்கிறாயா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் அப்பா